ராசியான பெட்டி

"நீ மட்டும் வா, ரொஸ்னா."

இதைச் சொல்லிவிட்டு ஷரீஃபா மதினி மூச்சுவிடக்கூட நிற்கவில்லை. "உன் அண்ணன் சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். என்னைக் கோவிச்சுக்காதே."

"மட்டும்னா?"

"மட்டும்னா மட்டும்தான் லா. ஹைதர் அண்ணன் வேணாமாம்."

"மதினி, ஃபராவுக்கு மருதாணி வைக்க மாமியும் மாமாவும் ஜோடியாத்தானே முதல்ல உக்காரணும்? உங்க கல்யாணத்துக்கு எங்க மாமியும் மாமாவும் உக்காரலையா?"

"உக்காந்தாங்க. அவங்க யாரும் உன் அண்ணனைத் திருடன்னு சொல்லலியே."

போன் வைக்கப்பட்டுவிட்டது. ரொஸ்னா அடுப்பை அணைத்தாள். அணைத்தது ஏன் என்று தெரியாமல் மறுபடி பற்றவைத்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அடுத்த ஞாயிறு ஃபராவுக்கு நிக்காஹ். முந்தின நாள் சனிக்கிழமை மருதாணி. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போனில் ஒரு படம் அனுப்பி அழைப்பு. அதிலும் பாதி அழைப்பு.

கூடத்தில் ஹைதர் வேன் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன். ஞாயிற்றுக்கிழமை அதற்கு வேலை இல்லை, சாவிக்கு மட்டும் ஓய்வில்லை.

"என்னவாம் உன் மதினிக்கு?"

"என்னை மட்டும் வரச் சொல்றாங்க."

சாவி நின்றது. "நான் என்ன திருடன்னா சொன்னேன்? கன்ட்ரோலர்ல ஏதோ பண்ணி வச்சிருக்கன்னுதானே சொன்னேன்."

"போன் ரிப்பேர் கடை வச்சிருக்கிறவர்கிட்ட, அவர் கடைக்கு வர்ற ஆளுங்க பக்கத்துல பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது அப்படிச் சொன்னா, வேற என்னங்க அர்த்தம்?"

நடந்தது எட்டு மாதத்துக்கு முந்தின பெருநாளில். பெருநாளுக்கு மறுநாள் இரண்டு குடும்பமும் கூடிச் சாப்பிடும். சாப்பிட்டு முடித்ததும் மச்சான்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் விளையாடிய அந்தப் பழைய கேம் மெஷினை எடுத்து வைத்து டென்னிஸ் ஆடுவார்கள். தோற்றவர் அன்றைக்குச் சேர்ந்த பாத்திரம் அத்தனையும் தனியாகக் கழுவ வேண்டும், பிரியாணிச் சட்டி உட்பட. ஒன்பது வருடமாக விருந்து பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் ரொஸ்னா வீட்டில்தான் நடந்தது. ஒன்பது வருடமும் சட்டி கழுவியது அண்ணன் முஸ்தஃபாதான். இந்த வருடம் ரொஸ்னாவின் அடுப்படியில் தரை உடைத்துப் போட்டிருந்ததால் சுங்கை பினாங்கில் அண்ணன் ஃபிளாட்டுக்கு விருந்து மாறியது. அங்கே ஹைதர் தோற்றார். தோற்ற வேகத்தில் வாயை விட்டார். இப்போதும் அதையேதான் சொன்னார்.

"பந்து வருது, நான் அடிக்கிறேன், மட்டை சும்மா காத்தை வீசுது. ஒரு தடவையா? எல்லாத் தடவையும்! ஆறுக்குப் பூஜ்யம், மறுபடியும் ஆறுக்குப் பூஜ்யம். என் கை அப்படியா?"

"கை சரின்னா?"

"அப்ப கன்ட்ரோலர்."

"ரெண்டுக்கும் நடுவுல டிவின்னு ஒண்ணு இருக்கேங்க."

"உன் அண்ணன் வீட்டுத் தொப்பை டிவியா? அது நம்ம கல்யாணத்துக்கு முந்தினது. மெதுவா இருந்தா அதுதான் மெதுவா இருக்கும். நம்மது புதுசு."

"அதை அளந்துதான் சொல்லணும். நீங்களும் நானும் சொல்லக் கூடாது."

பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. சர்க்யூட் பலகை வரும், அளப்பாள், தேறியது தேறாதது என்று பிரிப்பாள். அளக்காத எதையும் அவள் வாய் சரி என்று சொல்லாது.

ஹைதர் எழுந்து நின்றார். "அள. தப்பு என் பக்கம்னா, அன்னைக்கு அந்தக் கூடத்துல யார் யார் இருந்தாங்களோ அவங்க முன்னாடி நானே சொல்றேன். இல்லேன்னா நீயும் அங்க போகக் கூடாது."

"போகக் கூடாதா? நானா?"

"ஆமா."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை என்பதால்தானே எட்டு மாதம் ஓடியது.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் அவள் லோகேஸ்வரனைப் பிடித்தாள். அவன் பக்கத்து லைன் டெக்னீஷியன், கேம் பைத்தியம்.

"தம்பி, டிவி எவ்வளவு லேட்டாப் படம் காட்டுதுன்னு அளக்க என்ன இருக்கு?"

"இன்புட் லேகா? என்கிட்ட டெஸ்டரே இருக்குக்கா! இத்துனூண்டு. டிவியில சொருகினா ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். டெஸ்டரோட கண்ணைத் திரையில ஒட்டி வச்சா, சிக்னல் கிளம்பி வெளிச்சம் வர எத்தனை மில்லி செகண்டுன்னு நம்பர் வரும். யாருக்குக்கா, பையனுக்கா?"

"புருஷனுக்கு."

"அய்யோ. தோத்துட்டாரா?"

"பேசாம நாளைக்குக் கொண்டு வா."

"வண்டியிலயே இருக்கு. இப்பவே தர்றேன்."

அன்று சாயங்காலம் டிவிக்குப் பின்னால் கைவிட்டு ஒயரைப் பிடுங்கினாள், டெஸ்டரைச் சொருகினாள், கண்ணைத் திரையில் வைத்தாள். இருபத்து நான்கு. மறுபடி வைத்தாள். இருபத்து நான்கு. பத்துத் தடவை வைத்தும் இருபத்து மூன்றுக்குக் கீழே போகவில்லை, இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

"ஒரு வினாடியை ஆயிரமாப் பிரிச்சா அதுல இருபத்து நாலு" என்றாள் குரல் இறங்கி.

"அது அதிகமா கம்மியா?"

"கம்மிதான்."

ஹைதர் கையைத் தட்டினார். "பார்த்தியா! நம்ம டிவி சுத்தம். இப்ப என்ன சொல்ற?"

அவள் டெஸ்டரைப் பிடுங்கி வைத்தாள். துணி இஸ்திரி போட்டாள். போட்டு மடித்து வைத்த தூடோங் முக்காட்டையே எடுத்து இன்னொரு முறை போட்டாள். அப்படியானால் அண்ணன்? அண்ணன் அப்படிச் செய்வாரா? சின்ன வயதில் சீட்டு விளையாட்டில் கள்ளம் ஆடியிருக்கிறார்தான். பத்து வயதில். மாட்டிக்கொண்டு அவரே அழுதும் இருக்கிறார். நடந்து நடந்து கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையில் அவள் கால் ஓயவில்லை.

"உக்காரேன்" என்றார் ஹைதர். "எனக்கே தலை சுத்துது."

செவ்வாய்க்கிழமை காலையில் லைனில் புதிதாகச் சேர்ந்த ஷர்மினி ஓடி வந்தாள்.

"அக்கா, கஸ்டமர் திருப்பி அனுப்பின யூனிட். நாலு தடவை டெஸ்ட் பண்ணிட்டேன், நாலு தடவையும் பாஸ். அந்த ஆளு பொய் சொல்றான்க்கா."

"எந்தக் கேபிள் போட்டுப் பார்த்த?"

"நம்ம கோல்டன் கேபிள்."

கோல்டன் கேபிள் என்றால் தொழிற்சாலையில் பூட்டி வைத்திருக்கும் குறையே இல்லாத கேபிள். அளவுக்கு அளவு அது.

"ஏன்மா, அந்த ஆளு வீட்டுல கோல்டன் கேபிளா வச்சிருக்கான்? யூனிட்டோட அவன் அனுப்பின கேபிள் எங்க? அதைப் போட்டுப் பாருன்னு எத்தனை தடவை சொல்றது? அவன் எப்படிப் பயன்படுத்துறானோ அப்படியே வச்சு அளக்கணும். நல்லதை மாட்டிட்டு நல்லா இருக்குன்னா..."

அங்கேயே வாய் நின்றுவிட்டது.

"அக்கா? என்னக்கா, உடம்புக்கு முடியலையா?"

"நேத்து நானும் கோல்டன் கேபிள்தான் போட்டேன்" என்றாள் ரொஸ்னா. ஷர்மினிக்கு ஒன்றும் புரியவில்லை.

பழைய கேம் மெஷினுக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர். புது டிவியில் அதற்கு ஓட்டையே கிடையாது. நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி உட்கார்ந்து, பழைய ஒயரில் வருவதைப் புது டிவிக்கு மாற்றிக் கொடுக்கும். நேற்று அவள் பிடுங்கியது அந்தப் பெட்டியின் ஒயரை. டெஸ்டர் நேராக டிவிக்குள் போனது. பெட்டியை யாரும் அளக்கவில்லை. பெட்டியை அளக்க அந்த டெஸ்டரால் ஆகாது. அண்ணன் வீட்டுத் தொப்பை டிவியிலும் அதைச் சொருக வழியில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி அளக்க வேறு வழி வேண்டும்.

வேலை முடிந்ததும் காரை நேராகச் சுங்கை பினாங்குக்கு விட்டாள்.

ஃபிளாட்டில் கல்யாணச் சாமான் வாசல்வரை அடைத்துக் கிடந்தது. முஸ்தஃபா கூடத்து மூலையில், கடையில் முடியாத போன்களை வைத்துக்கொண்டு மேசை விளக்கின் கீழ் குனிந்திருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"தனியாத்தானே வந்திருக்க?"

"தனியாத்தான் வந்திருக்கேன் அண்ணே. அந்த கன்ட்ரோலர் வேணும்."

"எந்த கன்ட்ரோலர்?"

"நீங்க ஏதோ பண்ணி வச்ச கன்ட்ரோலர்."

அவர் அவளை முறைத்தார். பிறகு எழுந்துபோய் ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து வைத்தார். வாய் முழுக்க டேப் சுற்றி, டேப்பின் மேல் தேதி எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது.

"அன்னைக்கு ராத்திரி மூடினது. அதுக்கப்புறம் யாரும் தொடல. ஒரு நாள் யாராவது வந்து கேப்பாங்கன்னு தெரியும்."

"எட்டு மாசமா ஃபிரிட்ஜ் மேலயா?"

"தினமும் தூசி தட்டுறது நான்" என்றது அடுப்படியிலிருந்து ஷரீஃபாவின் குரல். "பொணத்தைக் காவல் காக்கிற மாதிரி."

"இதுல ஒரு சின்ன எல்.இ.டி வைக்கணும் அண்ணே. பொத்தானை அழுத்தினதும் எரியணும். அப்புறம் போன்ல ஸ்லோ மோஷன் எடுத்தா, பல்பு எரிஞ்சு எத்தனை கட்டம் கழிச்சுத் திரையில மட்டை அசையுதுன்னு எண்ணிடலாம். வினாடிக்கு இருநூத்து நாப்பது கட்டம் எடுக்கும். நீங்க ஈயம் வச்சுக் குடுங்க."

"நானா? நான் தொட மாட்டேன். தொட்டா அதுலயும் ஏதோ வச்சேன்பான் உன் புருஷன்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "உனக்குத் தெரியுமா? அந்தப் பெருநாள் முடிஞ்சு ஒரு ஆளு கடைக்கு வந்தான். பதினஞ்சு வருஷமா வர்றவன், அன்னைக்கு இந்தக் கூடத்துலயும் இருந்தவன். போனை நீட்டிட்டு, 'திறக்கும்போது நானும் பக்கத்துல நிக்கலாமா பாய்'னு கேக்குறான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான்."

ரொஸ்னா பையை அருகில் இழுத்தாள். டேப்பைக் கிழித்தாள். திருகுகளைக் கழற்றினாள். உள்ளே பழைய பலகை, பழைய தூசி, ஒரு செத்த எறும்பு; வேறொன்றும் இல்லை. அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து அவளே ஈயம் வைத்தாள். அவர் பின்னால் நின்று பல்லைக் கடித்தார்.

"சூடு பத்தாது."

"தொட மாட்டேன்னீங்க."

"வாயாலதானே சொல்றேன். இன்னும் கொஞ்ச நேரம் வை. ஹாங். இப்ப எடு."

தொப்பை டிவி முன்னால் பத்துத் தடவை படம் பிடித்தாள். விரலால் ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி எண்ணினாள். பிறகு போனை அண்ணனிடம் கொடுத்தாள், மதினியிடமும் கொடுத்தாள். மூன்று பேர் எண்ணி ஒத்துப்போகாத வரைக்கும் தொழிற்சாலையில் எண் எண்ணே இல்லை.

"பதினாலு" என்றார் முஸ்தஃபா.

"பதினாலு" என்றாள் ஷரீஃபா. "ஒண்ணுல பதிமூணு. அதையும் எழுதிக்க."

புதன்கிழமை சாயங்காலம் ஹைதர் வேனை நிறுத்திவிட்டு வருவதற்கு முன்பே அவள் எல்லாவற்றையும் மாட்டி வைத்திருந்தாள். பெருநாளிலிருந்து அண்ணன் வீட்டில் கிடந்து அவள் எடுத்து வந்த மெஷின், கன்ட்ரோலர், கறுப்புப் பெட்டி, எல்லாம் பெருநாளில் இருக்கிற மாதிரியே. படம் பிடித்து முடித்து, தான் எண்ணியதைச் சொல்லாமல் போனை அவர் கையில் வைத்தாள்.

"நீங்களே எண்ணுங்க. பல்பு எரிஞ்ச கட்டத்துல ஆரம்பிங்க."

தினமும் முப்பத்தொரு பிள்ளைகளின் தலையைத் தொட்டு எண்ணி ஏற்றுகிறவர் அவர். எண்ணிக்கையில் அவருக்குப் பொய் வராது. அதே மாதிரி திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினான்கைத் தாண்டினார். இருபது. முப்பது. குரல் குறைந்துகொண்டே போனது.

"நாப்பத்து நாலு."

"அண்ணன் வீட்டுல பதினாலு. அதையும் எண்ணிப் பாருங்க, அடுத்த வீடியோதான்."

எண்ணிப் பார்த்தார். "அதே கன்ட்ரோலரா?"

"அதேதான். டேப் போட்டு மூடி வச்சிருந்தது. முப்பது கட்டம் வித்தியாசம். வினாடியில எட்டுல ஒரு பங்கு. நம்ம வீட்டுலதான் லேட்டு. மெஷின் இங்கதானே இருந்துச்சு, ஒன்பது வருஷமா சும்மா இருக்கும்போதெல்லாம் ஆடி ஆடி அந்த லேட்டுக்கு உங்க விரல் பழகிப்போச்சு. பந்து வந்து சேர்றதுக்கு முன்னாடியே அழுத்தினாத்தான் இங்க அடி விழும். அங்க பந்து சரியான நேரத்துக்கு வருது, நீங்க முந்திக்கிட்டு காத்தை அடிக்கிறீங்க. அண்ணன் இங்க வந்தா அவருக்கு எல்லாம் பிந்திப்போகுது."

ஹைதர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். எழுந்தார். "ஆனா டிவி சுத்தம்னு அந்த டெஸ்டர் சொல்லிச்சே?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்கு நேற்றே தெரியும்.  எட்டில் ஒரு பங்கு என்றால் ஆயிரத்தில் நூற்று இருபத்தைந்து; அதில் டிவி இருபத்து நான்குதான். மிச்சம் நூறும் பெட்டியுடையது. பெட்டி அண்ணன் கடையிலிருந்து வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் சனிக்கிழமை தப்பித்துப் போய்விடும். சொன்னால் இந்த மனிதர் என்ன சொல்வார் என்று அவளுக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும்.

"டிவி சுத்தம்தான்" என்றாள். "பெட்டிதான் லேட்டு."

"இந்தப் பெட்டியா?"

"இதேதான்."

"உன் அண்ணன் குடுத்த பெட்டி!"

"ஆமா."

"அப்ப அவன்தானே பண்ணி வச்சிருக்கான்! நான் சொன்னது கன்ட்ரோலர்னு. சரி, பெட்டி. சாமான் மாறிப்போச்சு, ஆளு ஒண்ணுதானே!"

ரொஸ்னா எட்டு மாதமாகக் கத்தவில்லை. அன்று கத்தினாள்.

"ஒன்பது வருஷமா தான் தோக்கிறதுக்குத் தானே பெட்டி குடுப்பாங்களா? பிரியாணிச் சட்டி கழுவ அவ்வளவு ஆசையா அவங்களுக்கு? ரெண்டாவது வருஷப் பெருநாளைக்கு அண்ணன் என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? 'மச்சான், இது சும்மா அவசரத்துக்குக் குடுத்தது, நல்லது வந்திருக்கு, மாத்திரலாம்'னு கொண்டு வரலியா? நீங்க என்ன சொன்னீங்க?"

ஹைதர் பெட்டியின் ஒயரை நீவினார்.

"மூணாவது வருஷம் கேட்டாங்க. அதுக்கப்புறமும் ஒரு தடவை கேட்டாங்க. என்ன சொன்னீங்க?"

"ராசியான பெட்டி" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "இதைத் தொடாதேன்னேன்."

"ராசி!" என்றாள் ரொஸ்னா.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேன் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. ஜன்னலில் பார்த்தால், வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டார், மீன் நன்றாக இருக்கிறது என்றார். ரொஸ்னா பையில் புடவையை எடுத்து வைத்தாள், வெளியே எடுத்தாள். போகக் கூடாது என்றவர் போகலாம் என்று சொல்லவில்லை. தானும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கேட்டுவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தாள். கேட்டு அவர் வேறு ஏதாவது சொல்லிவிட்டால்? சொன்னதைத் திரும்ப வாங்காத மனிதர்.

சனிக்கிழமை மதியம் அவள் புடவை கட்டி முடித்தாள். போவது என்று தானே முடிவு செய்துகொண்டாள். கார் சாவியைத் தேடினால் காணோம். வாசலில் வேன் உறுமியது.

"ஏறு. அங்க பார்க்கிங் கிடைக்காது."

கேம் மெஷினும் கன்ட்ரோலரும் ரொஸ்னா மடியில், அவர் மடியில் ஒரு பசார் பை இருந்தது. வழியெல்லாம் ஒரு கை அந்தப் பையின் மேலேயே இருந்தது. சிவப்பு விளக்கில் விரல் பைமேல் தாளம் போட்டது.

ஃபிளாட் கூடம் நிறைய ஆட்கள். ஃபரா நடுவில், கையை விரித்தபடி. பெண்கள் ஒரு பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். முஸ்தஃபாவின் கடைக்காரச் சிநேகிதர்கள் தேத்தண்ணீரோடு நின்றிருந்தார்கள். ஹைதர் வாசலில் தெரிந்ததும் வெங்காயக் கத்திகளெல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன.

முஸ்தஃபா எழுந்து வந்தார். "நான் ஒருத்தியைத்தான் கூப்பிட்டேன்."

"தெரியும்." ஹைதர் பையிலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்து நீட்டினார். "இதைக் குடுக்க வந்தேன்."

"பெட்டியை வச்சு நான் என்ன பண்ண? அது பேசுமா? எந்த வாய் அன்னைக்குப் பேசிச்சோ அது பேசட்டும்."

 ஹைதர் தொண்டையைச் செருமினார். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி.

"அன்னைக்கு இருந்தவங்கள்ல யார் வரல?"

"போனைத் திறக்கும்போது பக்கத்துல நிக்கலாமான்னு கேட்டானே, அந்தப் போன்காரன்" என்றார் முஸ்தஃபா.

"அவனை நாளைக்கு நிக்காஹ்ல பிடிச்சுத் தனியாச் சொல்றேன். எல்லாரும் கேட்டுக்குங்க. என் மச்சான் கன்ட்ரோலர்ல ஒண்ணும் பண்ணல. நானே எண்ணிப் பார்த்தேன். என் வீட்டுல இருந்த இந்தப் பெட்டிதான் லேட்டு. மாத்தித் தர்றேன்னு இவர் சொன்னப்பல்லாம் வேணாம்னது நான். ஒன்பது வருஷம் நான் ஜெயிச்சது ஜெயிச்சதே இல்ல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது தப்பு."

 முஸ்தஃபா பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு லேட்டு?"

"வினாடியில எட்டுல ஒரு பங்கு."

"அதுக்கு எட்டு மாசம் எடுத்துக்கிட்டியா?"

முதலில் சிரித்தது ஷரீஃபாதான். பிறகு வெங்காயக் கூட்டம் முழுக்கச் சிரித்தது. முஸ்தஃபா சிரிக்கவில்லை, ஆனால் வாசலை மறைத்து நின்றவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"மாமா, மாமி" என்று ஃபரா கூப்பிட்டாள். "கை வலிக்குது. வந்து வைங்களேன்!"

ஜோடியாக உட்கார்ந்து வைத்தார்கள். ரொஸ்னா வைத்த மருதாணி கோடு தாண்டிப் போனது. ஃபரா அதைத் துடைக்க விடவில்லை.

சாப்பாடு முடிந்ததும் யாரோ தொப்பை டிவியை உயிர்ப்பித்தார்கள். பல்பு வைத்த கன்ட்ரோலரை ஹைதர் வாங்கிக்கொண்டார். முதல் பந்து வந்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது, மட்டை காற்றை வீசியது.

"முந்திட்டீங்க" என்றாள் ரொஸ்னா.

"தெரியுது. தெரிஞ்சும் விரல் கேக்க மாட்டேங்குது."

இரண்டாவது பந்து. பல்பு. காற்று.

"பழகினது ஒன்பது வருஷம்லா மச்சான்" என்றார் முஸ்தஃபா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அடுப்படியில சட்டி பெருசு. இப்பவே சட்டைக் கையை மடிச்சுக்க."

ஹைதர் ஒரு கையால் ஆடிக்கொண்டே மறுகைச் சட்டையைப் பல்லால் கடித்து மேலே ஏற்றினார். ரொஸ்னா காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, ஒரு வாரத்தில் முதல் முறையாக, முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.